ஜடேஜாவை கொடுத்து சஞ்சுவை வாங்கியது லாபமா, நஷ்டமா? தவளக்குப்பம் ரசிகர்கள் போடும் கணக்கு

தவளக்குப்பம்,

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆல்ரவுண்டர் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்சுக்கு கொடுத்துவிட்டு, அங்கிருந்து விக்கெட் கீப்பர் சஞ்சு சாம்சனை வாங்கியது 2025-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்து நாளாகியும் தவளக்குப்பம் பக்கம் அந்த பஞ்சாயத்து மட்டும் தீரவில்லை.

கடலூர் சாலை சந்திப்பில் பஸ்சுக்கு நிற்கும் இடத்தில், நல்லவாடு ரோட்டில், பூரணாங்குப்பம் போகும் வழியில் என எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் அரசியலுக்கு அடுத்தபடி அடிபடுவது இந்த பேச்சுதான். ஒரு கோஷ்டி 'துரோகம்' என்கிறது. இன்னொரு கோஷ்டி 'வியாபாரம்னா அப்படித்தாம்பா' என்கிறது. இரண்டு பக்கமும் விஷயம் இருக்கிறது.

கைமாறியது என்ன?

முதலில் கணக்கை பார்த்துவிடலாம். சென்னை அணி கொடுத்தது 2 பேரை. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி. அவரோடு இங்கிலாந்து ஆல்ரவுண்டர் சாம் கர்ரனும் போனார். அவர் சம்பளம் 2 கோடியே 40 லட்சம். வாங்கியது சஞ்சு ஒருவரை. அவருக்கும் 18 கோடி.

ஆக சென்னை கணக்கில் 20 கோடியே 40 லட்சம் வெளியே போய், 18 கோடி உள்ளே வந்தது. 2 கோடியே 40 லட்சம் மிச்சம்.

ராஜஸ்தான் பக்கம் இன்னொரு விஷயம் நடந்தது. 18 கோடி வாங்கிக் கொண்டிருந்த ஜடேஜா அங்கே 14 கோடிக்கு போனார். ஒரே நாளில் 4 கோடி சம்பளம் குறைந்தது. சம்பளத்தை குறைத்துக்கொண்டு ஏன் போக வேண்டும் என்பதுதான் டீக்கடையில் பெரிய கேள்வி. கேப்டன் பதவி மீது கண் என்று அப்போது பேச்சு அடிபட்டது. காரணம் எதுவாக இருந்தாலும், ஐ.பி.எல். விதிப்படி வீரர் சம்மதம் இல்லாமல் இந்த டிரேடிங் நடக்காது. ஏலத்தில் எந்த அணி எடுத்தாலும் போயாக வேண்டும். டிரேடிங் அப்படி இல்லை. இரண்டு அணியும் பேசி முடித்தாலும் வீரர் சரி என்று சொல்ல வேண்டும்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவரை நாளைக்கு வேறு கம்பெனிக்கு போ என்றால் அவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஜடேஜாவிடம் கேட்டார்கள், அவர் தலையாட்டினார். 'விற்றுவிட்டார்கள்' என்று கண்ணீர் விடுகிறவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

ஓடிப்போக பார்த்தவர்

ராஜஸ்தானுக்கும் ஜடேஜாவுக்கும் பழைய கதை ஒன்று உண்டு. இளசுகளுக்கு இது தெரிந்திருக்காது.

2008-ல் முதல் ஐ.பி.எல். நடந்தபோது ஷேன் வார்னே தலைமையில் ராஜஸ்தான் கோப்பையை தூக்கியது. அந்த அணியில் 19 வயது பையனாக ஆடியவர்தான் ஜடேஜா. 2010-ல் ராஜஸ்தானில் ஒப்பந்தத்தை புதுப்பிக்காமல் வேறு அணியோடு தானே பேரம் பேசியதாக குற்றச்சாட்டு எழுந்தது. அந்த சீசன் முழுவதும் ஆட தடை விதித்தார்கள். அடுத்த வருடம் கொச்சி அணி எடுத்தது. அந்த அணியே ஒரு சீசனோடு மூடப்பட்டது.

2012 ஏலத்தில் அவருக்கு சென்னையும் ஐதராபாத் டெக்கான் சார்ஜர்சும் மல்லுக்கட்டின. இரண்டு அணியும் உச்சவரம்பான 20 லட்சம் டாலர் வரை போய்விட்டதால் ரகசிய ஏலம் கேட்டு, கடைசியில் சென்னை தட்டிச் சென்றது. அன்றைக்கு 'இவருக்கு இவ்வளவு காசா' என்று முணுமுணுத்தவர்களே அதிகம்.

அன்று தானாக அணி மாற பார்த்ததற்கு ஒரு வருட தடை. 15 வருடம் கழித்து, விட்டு ஓட பார்த்த அதே அணிக்கு, அணி நிர்வாகங்களே பேசி அனுப்பி வைத்தன. கிரிக்கெட்டில் இப்படியும் நடக்கும்!

அவுட் ஆக சொன்னது யார்?

சென்னைக்காக ஜடேஜா ஆடியது 12 சீசன். நடுவில் 2016, 2017-ல் சென்னை அணிக்கு தடை இருந்ததால் குஜராத் லயன்சில் ஆடினார். 2018, 2021, 2023 என 3 கோப்பைகளில் அவருக்கு பங்கு உண்டு.

அதில் 2023-ஐ யாரும் மறக்க முடியாது. ஆமதாபாத்தில் இறுதிப்போட்டி. மழையால் மறுநாளுக்கு தள்ளிப்போய், அன்றும் மழை கொட்டி, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. குஜராத் டைட்டன்சின் மோகித் சர்மா பந்து வீசுகிறார். 2 பந்தில் 10 ரன் வேண்டும். முதல் பந்து நேராக சிக்சர். அடுத்த பந்து காலுக்கு பின்னால் தட்டி விட்டதில் பவுண்டரி. டோனி ஓடிவந்து ஜடேஜாவை அலேக்காக தூக்கினார். மறுநாள் காலை வேலைக்கு போக வேண்டியவர்கள் கூட அன்று தூங்கவில்லை.

ஆனால் அதே 2023 சீசனில் சேப்பாக்கத்தில் நடந்தது என்ன? ஜடேஜா பேட்டிங் செய்ய வந்தால், 'சீக்கிரம் அவுட் ஆகிட்டு போ, டோனியை பார்க்கணும்' என்ற மனநிலையில்தான் கூட்டம் இருந்தது. அவர் விக்கெட் விழுந்தால் விசில் பறந்தது, எதிரணி விக்கெட் விழுந்ததை போல. தான் முன்னால் இறங்கினால் தன் விக்கெட் எப்போது விழும் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று ஜடேஜாவே சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த சிரிப்புக்கு பின்னால் இருந்த வலி அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததும் சின்ன விஷயம் இல்லை. 2022-ல் சீசன் தொடங்க 2 நாள் இருக்கும்போது கேப்டன் பதவியை அவர் தலையில் வைத்தார்கள். 8 ஆட்டத்தில் 6 தோல்வி. ஏப்ரல் 30-ந் தேதி பதவி மீண்டும் டோனியிடமே போனது. ஒருவரை பழக விடாமல் பாதியில் இறக்கிய காயம் அது. அதன் பிறகும் 2023 இறுதிப்போட்டியில் வந்து அந்த 10 ரன் அடித்தார் என்பதுதான் பெரிது.

எனவே இன்றைக்கு மூக்கை சிந்துகிற ரசிகர்களும் கொஞ்சம் நெஞ்சை தொட்டு பார்த்துக்கொள்ளலாம். நிர்வாகம் மட்டுமே அவரை வெளியே அனுப்பவில்லை.

கடைசி இடம் தந்த பயம்

சரி, நிர்வாகம் ஏன் இப்படி செய்தது? 2025 சீசனை பார்த்தால் புரியும். 14 ஆட்டத்தில் 4 வெற்றி. புள்ளி பட்டியலில் 10-வது, அதாவது கடைசி. ஐ.பி.எல். தொடங்கியதில் இருந்து சென்னை கடைசி இடம் பிடித்தது அதுதான் முதல் முறை. 9-வது இடம் ராஜஸ்தானுக்கு. கடைசி 2 இடத்தில் இருந்த அணிகள்தான் ஆள் மாற்றிக் கொண்டன. தோற்றவன் வீட்டில்தானே சாமான் இடம் மாறும்!

அந்த சீசனில் ஜடேஜா 301 ரன், 10 விக்கெட். மோசம் என்று சொல்ல முடியாது. 18 கோடிக்கு இது போதுமா என்றால் அதுவும் இல்லை. டிரேடிங் நடந்தபோது அவருக்கு 37 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்காக 20 ஓவர் ஆட்டத்தில் இருந்து 2024-லேயே ஓய்வு அறிவித்துவிட்டார். சஞ்சுவுக்கு அப்போதுதான் 31 முடிந்தது. 6 வருட வித்தியாசம். தொடக்க வரிசையில் அடித்து ஆட ஒரு ஆள், டோனிக்கு அப்புறம் ஸ்டம்புக்கு பின்னால் நிற்க ஒரு ஆள், தேவைப்பட்டால் கேப்டன் பதவிக்கும் ஒரு ஆள் என ஒரே கையெழுத்தில் மூன்று ஓட்டையை அடைக்க பார்த்தார்கள்.

சஞ்சுவும் லேசுப்பட்டவர் இல்லை. ராஜஸ்தான் கேப்டனாக 2021-ல் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே சதம். 2022-ல் அணியை இறுதிப்போட்டி வரை கொண்டு போனார். கேரளாக்காரர் என்பதால் நம் பக்கத்து பையன் என்ற பாசமும் சேர்ந்துவிட்டது. 'மலையாளியா இருந்தாலும் தமிழ் பேசுவாருல்ல' என்று ஆதரவு கோஷ்டி மார்தட்டுகிறது.

இதே ராஜஸ்தானில் இருந்து 2021 ஜனவரியில் ராபின் உத்தப்பாவை சென்னை வாங்கியது ஞாபகம் இருக்கலாம். 'வயசானவரை வாங்கி என்ன செய்ய' என்று அப்போதும் திட்டு விழுந்தது. அவர் அந்த சீசனில் டெல்லிக்கு எதிரான பிளே-ஆப்பில் 63 ரன், இறுதிப்போட்டியில் 15 பந்தில் 31 ரன் விளாசினார். கோப்பை வந்ததும் திட்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மும்பையில் நடந்ததும் இதே கதைதான். குஜராத் டைட்டன்சில் இருந்து ஹர்திக் பாண்ட்யாவை 2023 நவம்பரில் மும்பை திரும்ப வாங்கி, ரோகித் சர்மாவின் கேப்டன் பதவியை அவருக்கு கொடுத்தது. 2024 சீசன் முழுவதும் சொந்த மைதானமான வான்கடேயிலேயே ஊளையிட்டு விரட்டினார்கள். அந்த ஜூன் 29-ந் தேதி இந்தியா உலகக்கோப்பை ஜெயித்தது, கடைசி ஓவர் போட்டது ஹர்திக். ஒரு வாரம் கூட ஆகவில்லை, அதே வான்கடேயில் அவர் பெயரை சொல்லி கூச்சல். ரசிகன் கோபத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

28 கோடிக்கு 2 பொடிப்பையன்கள்

ஜடேஜாவை அனுப்பிய கையோடு பதிரானாவையும் விடுவித்து, 2025 டிசம்பர் 16-ந் தேதி அபுதாபி ஏலத்துக்கு 43 கோடியே 40 லட்சத்தோடு போனது சென்னை. அங்கே நடந்ததுதான் உண்மையான அதிர்ச்சி.

உத்தரபிரதேசத்தின் 20 வயது பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் 19 வயது கார்த்திக் சர்மா. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்து தூக்கினார்கள். இந்தியாவுக்கு ஆடாத வீரர்களுக்கு கிடைத்த உச்ச விலை அது. பிரசாந்த் வீர் இடது கை சுழற்பந்து போட்டு, கீழ் வரிசையில் அடித்து ஆடுகிறவர். அதாவது ஜடேஜா செய்த அதே வேலை.

வேடிக்கையை பாருங்கள். ஜடேஜா ராஜஸ்தானில் வாங்குவது 14 கோடி. அவர் இடத்துக்கு சென்னை எடுத்த புதுப்பையனுக்கு 14 கோடியே 20 லட்சம். வாத்தியாரை விட மாணவனுக்கு 20 லட்சம் அதிகம். எதிர்ப்பு கோஷ்டிக்கு கிடைத்த பெரிய ஆயுதம் இது. மிச்சம் பிடித்த 2 கோடியே 40 லட்சம் எங்கே போச்சு என்று கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம் கனமாக இருக்கிறது. சஞ்சுவை வாங்கியதில் தப்பு இல்லை. ஜடேஜாவோடு சாம் கர்ரனையும் சேர்த்து கொடுத்ததுதான் கை தாழ்ந்த பேரம். 2 கோடியே 40 லட்சத்துக்கு பந்தும் போட்டு பேட்டும் பிடிக்கிற வெளிநாட்டுக்காரர் ஏலத்தில் அவ்வளவு சுலபமாக கிடைக்க மாட்டார்.

'சென்னை'யில் சென்னைக்காரர் எங்கே?

பேச்சு முற்றினால் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். பெயரில் சென்னை இருக்கிறது, அணியில் தமிழன் எங்கே என்ற கேள்வி.

சும்மா டீக்கடை கேள்வி இல்லை இது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டசபையிலேயே தர்மபுரி பா.ம.க. எம்.எல்.ஏ. வெங்கடேஸ்வரன் இதை கிளப்பி, தமிழக வீரர்களை எடுக்காத சென்னை அணிக்கு தடை விதிக்க வேண்டும் என்று பேசினார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் பஞ்சாப், ஐதராபாத், டெல்லி என்று சுற்றினார். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர் குஜராத்தில். சென்னையில் வளர்ந்த அஸ்வினே பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று போய்விட்டு, 2025-ல் 9 கோடியே 75 லட்சத்துக்கு வீடு திரும்பி, ஒரே சீசனில் ஐ.பி.எல்.லுக்கு கும்பிடு போட்டார். 'சின்ன தல' சுரேஷ் ரெய்னாவை 2022 ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை, சென்னை உட்பட. அதற்கு முன்னால் இந்த ஜடேஜா விவகாரம் எல்லாம் ஒன்றுமே இல்லை.

ஐ.பி.எல். அணி என்பது ஒரு கம்பெனி. கம்பெனிக்கு லாபம் தருகிற ஆளை எந்த ஊரில் இருந்தும் எடுக்கலாம். பெயரில் ஊர் இருப்பது ரசிகனை கட்டிப்போட. இதை ஒப்புக்கொள்ள மனசு வலிக்கும், ஆனால் அதுதான் ஒப்பந்தம். சஞ்சு திருவனந்தபுரத்தில் இருந்து வந்தால் கைதட்டுகிறவர்கள், ஜடேஜா ஜாம்நகர்காரர் என்பதை எப்போதோ மறந்துவிட்டார்கள்.

புதுவை அணி கம்பெனி இல்லையே

அப்படியானால் ஊர்ப்பையன் என்று கேட்கவே கூடாதா? கேட்கலாம். கேட்க வேண்டிய இடம் சேப்பாக்கம் இல்லை, துத்திப்பட்டு.

2018-ல்தான் புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்துக்கு இந்திய கிரிக்கெட் வாரியத்தின் அங்கீகாரம் கிடைத்தது. அந்த சீசனில் இருந்துதான் புதுவை பெயரில் ரஞ்சி அணி ஆடுகிறது. ஆரம்பமே சிக்கல். வெளியூரில் இருந்து வந்த 8 வீரர்களின் பதிவை, தகுதி விதிக்கு பொருந்தவில்லை என்று 2018 செப்டம்பரில் வாரியமே ரத்து செய்தது.

அதன் பிறகு அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பராஸ் டோக்ரா, வினய்குமார் போன்ற பெரிய பெயர்கள் புதுவைக்கு ஆடினார்கள். ஒரு அணி 3 வெளி மாநில வீரர்களை எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. புது அணிக்கு அனுபவசாலி வேண்டும் என்பதும் நியாயம்தான். புதுவைக்கு ஆடிவிட்டு போன டோக்ரா பிற்பாடு காஷ்மீர் கேப்டனாகி, 2025 ஜனவரியில் மும்பையையே மண்ணை கவ்வ வைத்தார். அப்படிப்பட்டவரோடு ஒரே அறையில் உட்கார்ந்தாலே நம் பையன்களுக்கு நாலு விஷயம் பிடிபடும்.

ஆனால் அந்த 3 பேர் தவிர மற்ற இடமாவது உள்ளூருக்கு போகிறதா என்பதில்தான் புகைச்சல். வெளியூரில் இருந்து வந்து உள்ளூர்க்காரர் கணக்கில் சேருகிறார்கள் என்ற புகார் பல வருடமாக உண்டு. 2025 டிசம்பரில் இது தேசிய நாளேடு வரை போய் பரபரப்பானது.

இதில் கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கணக்கு போட்டால் தெரியும். ரஞ்சி வீரருக்கு, அதிகம் ஆடாத புது ஆளாக இருந்தாலும், ஆடும் லெவனில் இடம் கிடைத்தால் ஒரு நாளுக்கு 40 ஆயிரம் ரூபாய் என்று 2021-ல் வாரியம் அறிவித்தது. 4 நாள் ஆட்டம் என்றால் 1 லட்சத்து 60 ஆயிரம். 19 வயதுக்கு உட்பட்டோர் அணியில் கூட நாளுக்கு 20 ஆயிரம். கொத்தனார் வீட்டு பையன், மீனவர் வீட்டு பையன் ஒருவனுக்கு ஒரு சீசன் இடம் கிடைத்தால் அந்த வீட்டின் கடன் அடையும், தங்கை படிப்பு முடியும். ஒரு இடம் தவறான ஆளுக்கு போனால் போவது இதெல்லாம்தான்.

ஜடேஜா 4 கோடி குறைவாக வாங்கினால் அவர் வீட்டு அடுப்பு அணையாது.

இங்கே ஆட்டம் பார்க்க ஆளும் இருக்கிறார்கள், ஆட ஆளும் இருக்கிறார்கள். 2024-ல் பாண்டிச்சேரி பிரீமியர் லீக் தொடங்கியபோது வில்லியனூர், ஊசுடு, ஒயிட் டவுன், காரைக்கால், மாகே, ஏனாம் பெயர்களில் 6 அணிகள் வந்தன. அரியாங்குப்பம், தவளக்குப்பம் பெயரில் ஒன்றும் இல்லை. துத்திப்பட்டு மைதானம் இருப்பதும் வில்லியனூர் தாண்டி. இங்கிருந்து கிட்பேக்கை தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு போகிற பையன், புதுவை பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். வேலை நாளில் அப்பா கூட போக முடியாது.

சாயங்காலம் தவளக்குப்பத்து பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடும்போது பார்த்தால், ஜடேஜாவின் 8-ம் நம்பர் போட்ட மஞ்சள் பனியன் இன்னும் 2 பேர் முதுகிலாவது இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது, கிழியும் வரை போடத்தான் செய்வார்கள்.